பதிவு செய்யும் பொத்தான் எங்கே போனது? – செட்டாப் பாக்ஸ் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். டிஷ், கேபிள், செட்டாப் பாக்ஸ் தொடர்பாக நீங்கள் அனுப்பிய சந்தேகங்களில் இந்த முறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதே சந்தேகத்தை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அவர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டில் பதிவு வசதியுள்ள டிடிஎச் பெட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது. பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது என்று புகார் கொடுத்ததற்கு, பழையதை எடுத்துக்கொண்டு, இணைய வசதியுள்ள புதிய பெட்டி ஒன்றைத் தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். புதியதில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, “எல்லாம்தான் ஓடிடியில் இருக்கிறதே அம்மா, பதிவு எதற்கு?” என்று பொருத்த வந்த தம்பி சொல்லியிருக்கிறார். ஆனால் பழைய பெட்டியில், 2020ஆம் ஆண்டு பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தின் நேரலை முழுவதும் பதிவாகி இருக்கிறது. அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த அந்த ஆண்டில் அவருடைய மாமியாரும் உடன் இருந்தாராம். இந்தப் பதிவு போய்விடுமா, பென்டிரைவில் எடுக்க முடியுமா, புதிய பெட்டிகளில் ஏன் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள் என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அம்மா, அவசரம் முதல் கேள்வியில்தான் இருக்கிறது. பழைய பெட்டியை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால், தயவுசெய்து இப்போது கொடுக்காதீர்கள். ரீசார்ஜையும் நிறுத்தாதீர்கள். பெட்டி கைமாறினால் பதிவும் அதோடு போய்விடும். எடுத்துச் சென்ற பெட்டியிலிருந்து ஒரு நிகழ்ச்சியை மட்டும் திரும்பப் பெறுவதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. பெட்டி வீட்டிலேயே இருந்தாலும், இணைப்புத் துண்டிக்கப்பட்டால் பெரும்பாலான பெட்டிகளில் பழைய பதிவுகள் ஓடாது. பட்டியலில் பெயர் தெரியும், அழுத்தினால் சந்தா இல்லை என்று திரையில் வந்து நிற்கும். உங்கள் வீட்டில், உங்கள் பெட்டியில், நீங்களே பதிவு செய்தது எப்படி உங்களுக்கே பூட்டப்படுகிறது என்று நீங்கள் கோபப்படலாம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெட்டி வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான்.

பென்டிரைவில் ஏன் எடுக்க முடியாது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. கட்டணச் சேனல்கள் செயற்கைக்கோளிலிருந்து வரும்போதே பூட்டப்பட்டு வருகின்றன. சந்தா கட்டியவரின் பெட்டிக்குள் இருக்கும் கார்டோ சிப்போ அந்தப் பூட்டைத் திறந்து படத்தைக் காட்டுகிறது. அந்தப் படத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதும்போது, பெட்டி அதை மறுபடியும் ஒரு பூட்டுப் போட்டே எழுதுகிறது. இந்த இரண்டாவது பூட்டின் சாவி அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரியது. அதே கம்பெனியின் அதே மாடலில் இன்னொரு பெட்டியை வாங்கி டிஸ்க்கை மாற்றிப் பொருத்தினாலும் படம் வராது. வெளியே பென்டிரைவ் அல்லது யுஎஸ்பி டிஸ்க் செருகிப் பதிவு செய்யும் டிடிஎச் பெட்டிகளிலும் இதே கதைதான். பென்டிரைவ் உங்கள் கையில் இருக்கும், ஆனால் அதில் உள்ளது அந்தப் பெட்டியைத் தவிர வேறு எதற்கும் புரியாது.

எங்கள் கடைக்கு இப்படிப்பட்ட பெட்டிகள் வரும்போது மேல்மூடியைக் கழற்றினால், மேசைக் கணினியில் இருப்பது போன்ற ஒரு ஹார்டு டிஸ்க் நான்கு திருகுகளில் நிற்கும்; பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி, அதன் இறக்கை முழுவதும் தூசி ஏறிச் சுற்றவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால், கணினிக்கு அது எழுதப்பட்டிருக்கும் முறை தெரியாது, “இதை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?” என்று ஒரு கேள்வி வரும். வீட்டில் பிள்ளைகள் ஆர்வத்தில் இதைச் செய்து பார்த்து, அந்தக் கேள்விக்கு “ஆம்” என்று அழுத்திவிட்டுப் பிறகு கடைக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகு பெட்டியாலும் அதைப் படிக்க முடியாது. ஆகவே டிஸ்க்கைக் கழற்றும் வேலையே வேண்டாம். பெட்டி அடிக்கடி நின்றுபோவதற்கு, நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், பெரும்பாலும் அடாப்டரோ அந்த விசிறியோதான் காரணமாக இருக்கும். பெட்டியை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காமல், காற்றுப் படும்படி வெளியே வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், ஒரு வழி இருக்கிறது. பழைய பெட்டிகளின் பின்பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்கும். ஏவி பின் என்று சொல்வோமே, அதுதான். எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படம் பூட்டப்பட்டே போகும். ஆனால் இந்த மூன்று துளைகள் வழியாகப் போவது பழைய காலத்து அனலாக் சிக்னல். கணினியின் யுஎஸ்பியில் செருகக்கூடிய வீடியோ கேப்சர் கருவி என்ற சின்னப் பொருள் ஒன்று மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். திருமண வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்களிடமும் இது இருக்கும். கேசட்டை மாற்றுவதும் இதுவும் ஒரே வேலைதான். பெட்டியில் பதிவை ஓடவிட்டு, ஏவி ஒயரை அந்தக் கருவியில் சொருகி, கணினியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டரை மணி நேர நிகழ்ச்சி என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும். வேகமாக நகலெடுக்க முடியாது. எச்டி தெளிவும் இருக்காது, பழைய தூர்தர்ஷன் காலத்துத் தெளிவு இருக்கும். ஒரு சில பெட்டிகளில் இந்த வழியையும் அடைத்து வைத்திருப்பார்கள். ஆகவே கருவியை வாங்கும் முன், ஏற்கெனவே வைத்திருப்பவர் யாரிடமாவது சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இது சட்டப்படி சரியா என்று உடனே கேட்பீர்கள். நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. அதில் 37ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் தங்கள் ஒளிபரப்பின் மீது உரிமையைக் கொடுக்கிறது. 39ஆம் பிரிவு, ஒருவர் தம்முடைய சொந்த உபயோகத்திற்காகப் பதிவு செய்துகொள்வது அந்த உரிமையை மீறியதாகாது என்று சொல்கிறது. ஆகவே குடும்பத்தில் பார்ப்பதற்காக ஒரு திருக்கல்யாண நேரலையை எடுத்து வைப்பதற்கு இடம் இருக்கிறது. அதை யூடியூபில் ஏற்றுவதும், டிவிடி போட்டுக் கோயில் வாசலில் விற்பதும் வேறு விஷயம், அதற்கு இடமில்லை. அதேபோல, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஹார்டு டிஸ்க்கை உடைத்துப் படம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அவர்கள் பக்கமே போகாதீர்கள். பணமும் போகும், பதிவும் போகும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதுதான் பெரியது: கொடுத்த வசதியை ஏன் திரும்ப எடுத்தார்கள்?

இந்த வசதி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1970களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகள் வீட்டில் வைத்துப் பதிவு செய்யும் வீடியோ டெக்கைக் கொண்டுவந்தபோதே, ஹாலிவுட் நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போயின. சோனியின் பீட்டாமேக்ஸ் டெக் தொடர்பான அந்த வழக்கில், 1984ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க முடியாத ஒருவர் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்துகொள்வது நியாயமான உபயோகம்தான் என்று சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அதை ஏற்றார்கள், நான்கு பேர் எதிர்த்தார்கள். ஒரே ஒருவர் மாறியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். கேசட் போய் ஹார்டு டிஸ்க் வந்தது 1999இல். டிவோ என்ற அமெரிக்கப் பெட்டிதான் அதில் பெயர் பெற்றது. இங்கிலாந்தில் ஸ்கை நிறுவனம் 2001இல் ஸ்கை பிளஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. நம் நாட்டில் டாடா ஸ்கை பிளஸ் 2008இல் வந்தது. நேரலையை நிறுத்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது அப்போது பெரிய அதிசயம். பிறகு மற்ற டிடிஎச் கம்பெனிகள் சில, டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைக்காமல், யுஎஸ்பியில் நீங்களே ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள் என்ற மலிவான வழியைக் கொடுத்தன.

மதுரை வட்டாரத்தில் இந்த வசதி எல்லா வீட்டிலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதம் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிளிலும், பிறகு அது டிஜிட்டலாக மாறியபோது கிடைத்த இலவசப் பெட்டியிலும் டிவி பார்த்தவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பதிவுப் பொத்தான் என்பதே தெரியாது; அவர்கள் எதையும் இழக்கவில்லை. கூடுதல் பணம் கொடுத்து, மொட்டை மாடியில் டிஷ் வைத்து, பதிவுப் பெட்டி வாங்கியவர்கள்தான் இன்று ஏமாந்தது போல உணர்கிறார்கள்.

அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்று பார்த்தால், வசதி ஏன் போனது என்பதில் பாதி விளங்கிவிடும். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய வேண்டுமானால், பெட்டிக்குள் சேனலைப் பிடித்துத் தரும் டியூனர் என்ற பகுதி இரண்டு வேண்டும். இரண்டு டியூனருக்கு டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவியிலிருந்து இரண்டு ஒயர்கள் இறங்கி வர வேண்டும். மாடியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, ஜன்னல் கம்பி வழியாக வளைத்து, ஒன்றில் சிக்னல் குறைந்தால் மறுபடியும் ஏறி இறங்கிச் சரிசெய்கிற அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். இரண்டாவது ஒயரை எலி கடித்து, வீட்டுக்காரர் அதைக் கவனிக்காமல், “பதிவு மட்டும் வரவில்லை” என்று புகார் கொடுப்பது எங்களுக்கு வழக்கமான ஒன்று. இதற்கு மேல் ஹார்டு டிஸ்க்கின் விலை, அதன் சூடு, மின்தடை வந்து வந்து போவதால் அது பழுதாவது என்று எல்லாமே கம்பெனிக்குச் செலவு. பதிவுப் பெட்டியில் எளிதில் கெட்டுப்போகும் பொருள்களில் அந்த டிஸ்க்கும் ஒன்று.

இடத்தின் கணக்கையும் பாருங்கள். எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு ஒரு மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. 500 ஜிபி டிஸ்க் வைத்த பழைய பெட்டியில் நூறு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக நிற்கும். இப்போது வரும் உள்ளங்கை அளவுள்ள ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் மொத்தச் சேமிப்பிடமே 8 ஜிபிதான். அதிலும் பாதியை ஆப்புகளும் பெட்டியின் சொந்த மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். ஒரு முழுப் படத்தைக்கூட அதில் பதிவு செய்ய இடமிருக்காது. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் சேமிப்பதற்காக அதை வடிவமைக்கவே இல்லை.

ஆனால் செலவு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பெட்டியில் யுஎஸ்பி துளை இருக்கிறது, டிஷ் ஒயரும் உள்ளே வருகிறது, அப்படியிருந்தும் பதிவு வசதியை மட்டும் கொடுக்காத பெட்டிகள் இருக்கின்றன. அங்கே செலவு ஒரு பெரிய பொருட்டல்ல. பதிவு செய்து பார்ப்பவர் விளம்பரத்தை வேகமாக ஓட்டிவிடுவார். நம் நாட்டின் கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். பத்து நிமிடம் மற்றவர்களுடையது, இரண்டு நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். பதிவு செய்தவர் ரிமோட்டில் ஒரு விரலை வைத்து அந்த 12 நிமிடத்தையும் தாண்டிவிடுவார். அதே தொடரை ஆப்பில் பார்த்துப் பாருங்கள்: விளம்பரம் வரும்போது ஓட்டும் பொத்தான் வேலை செய்யாது. யார் பார்த்தார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற கணக்கும் அவர்களிடம் சேர்ந்துவிடும். பதிவுப் பெட்டி உங்கள் பக்கம் வைத்திருந்த அந்த ஒரு விரலை, ஸ்ட்ரீமிங் அவர்கள் பக்கம் மாற்றிவிட்டது என்பதுதான் இந்த விஷயத்தில் என்னுடைய கருத்து.

தொழில்நுட்பமும் இதற்கு ஒத்துழைக்கிறது. டிஷ்ஷில் ஒரே சிக்னல் எல்லா வீட்டின் மீதும் பொழிகிறது. பிடித்து வைத்துக்கொள்வது உங்கள் பெட்டியின் வேலை. இணையத்தில் அப்படி எதுவும் பொழிவதில்லை. உங்கள் பெட்டி சில நொடித் துண்டுகளாக ஒவ்வொன்றையும் சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. அந்தத் துண்டுகளைத் திறக்கும் சாவியையும் அப்போதைக்கப்போது சர்வரே கொடுக்கிறது. பார்த்து முடித்த துண்டு அழிந்துவிடும். சாவியை வைத்துக்கொள்ள அனுமதி இல்லையென்றால், துண்டுகளைச் சேர்த்து வைத்தும் பயனில்லை. ஓடிடி ஆப்புகளில் டவுன்லோடு என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். அது கைப்பேசியில் பயணத்தின்போது பார்ப்பதற்காகக் கொடுத்திருக்கும் தற்காலிக அனுமதி. சில படங்களைப் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் அது தானாகவே காலாவதியாகிவிடும்.

“எல்லாம் ஓடிடியில் இருக்கிறது” என்று அந்தத் தம்பி சொன்னதற்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மீது குறை இல்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் டிவியில் காட்டும் உரிமையும் இணையத்தில் காட்டும் உரிமையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. ஐபிஎல் கிரிக்கெட்டின் 2023 முதல் 2027 வரையிலான உரிமையை 2022ஆம் ஆண்டு ஏலம் விட்டபோது, இந்தியாவில் டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனத்துக்கும், டிஜிட்டல் உரிமை 20,500 கோடி ரூபாய்க்கு இன்னொரு நிறுவனத்துக்கும் போனது. பின்னர் அந்த இரண்டும் ஒன்றாக இணைந்தது தனிக்கதை. அதேபோல, ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் வரும் ஒரு படத்தின் இணைய உரிமை வேறொரு ஓடிடியிடம் இருந்தால், அந்தச் சேனலின் சொந்த ஆப்பில்கூட அந்தப் படம் இருக்காது. டிஷ் பெட்டியில் பதிவு செய்தவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. வானத்திலிருந்து வந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கேட்ச்-அப் என்று ஒன்று இருக்கிறது. ஜியோ டிவி போன்றவற்றில் கடந்த ஏழு நாள் நிகழ்ச்சிகளைப் பின்னால் போய்ப் பார்க்கலாம். வேலைக்குப் போய்வருபவருக்கு நேற்றைய தொடரைப் பார்க்க இது போதும். டைமர் வைக்க மறந்துவிட்டோமே என்ற கவலையும் இல்லை. உண்மையைச் சொன்னால், பதிவுப் பெட்டி வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பதிவு செய்ததும் இந்த மாதிரி நேற்றைய தொடரைத்தான், பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். அவர்களுக்குப் புதிய பெட்டி எந்தக் குறையும் வைக்காது. ஆனால் இந்தக் கேட்ச்-அப் எல்லாச் சேனலுக்கும் கிடையாது, எல்லா நிகழ்ச்சிக்கும் கிடையாது என்பது ஒன்று. எட்டாவது நாள் எதுவும் இருக்காது என்பது இன்னொன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்து நேரலையை இன்றைக்குத் தேடினால் எந்தக் கேட்ச்-அப்பிலும் வராது.

வெளிநாட்டில் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேயும் இதே பாதைதான். இங்கிலாந்தின் ஸ்கை நிறுவனம், 2016இல் கொண்டுவந்த ஸ்கை கியூ பெட்டியில் பெரிய ஹார்டு டிஸ்க் வைத்திருந்தது. 2021இல் வந்த ஸ்கை கிளாஸ் டிவியிலும் 2022இல் வந்த ஸ்கை ஸ்ட்ரீம் பெட்டியிலும் டிஸ்க்கே இல்லை. அதற்குப் பதிலாக, பிடித்த நிகழ்ச்சியை ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கலாம். அந்த நிகழ்ச்சி எங்கேயாவது ஓடிடியில் இருக்கும்வரை பட்டியலில் இருக்கும். உரிமை முடிந்தால் போய்விடும். பார்வைக்குப் பதிவு போலவே தெரியும், ஆனால் உங்கள் வீட்டில் எதுவும் இருக்காது. அமெரிக்காவில் யூடியூப் டிவி என்ற கட்டணச் சேவை, நீங்கள் சொல்வதையெல்லாம் தன்னுடைய சர்வரில் பதிவு செய்து ஒன்பது மாதம் வைத்திருக்கிறது. கிளவுடு பதிவு என்று இதைச் சொல்கிறார்கள். முதன்முதலில் பெயர் வாங்கிய டிவோகூட, பதிவுப் பெட்டி விற்பதை 2025இல் நிறுத்திவிட்டது.

அந்தக் கிளவுடு பதிவை நம் ஊரில் ஏன் கொடுக்கக் கூடாது என்பது நல்ல கேள்வி. நியூயார்க் பக்கத்துக் கேபிள் கம்பெனியான கேபிள்விஷன் இதைக் கொண்டுவந்தபோது, சேனல்கள் வழக்குப் போட்டன. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிப் பிரதி இருப்பதாலும், பொத்தானை அழுத்துபவர் வாடிக்கையாளரே என்பதாலும் அது செல்லும் என்றது. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் என்ற கம்பெனி இதே போன்ற சேவையை நடத்தியபோது, 2012இல் அங்குள்ள நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பதிவு செய்வதில் கம்பெனிக்கும் பங்கு இருக்கிறது என்பது அவர்கள் பார்வை. நம் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவு செய்பவரின் சொந்த உபயோகம் என்றுதான் பேசுகிறது. உங்களுக்காக ஒரு கம்பெனி தன் சர்வரில் பதிவு செய்து வைப்பதைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அந்த நிலையில் எந்தக் கம்பெனி தானாக முன்வந்து சேனல்களோடு வம்பு வளர்க்கும்?

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் பொருந்துவது. திருக்கல்யாணம் அன்று கோயிலுக்குப் போக முடியாத பெண்கள், டிவியில் மங்கல நாண் பூட்டும் நேரத்தைப் பார்த்து வீட்டில் தாலிச் சரடு மாற்றிக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதான். இணையம் வழியாக வரும் நேரலை, டிஷ்ஷில் வருவதைவிடப் பெரும்பாலும் அரை நிமிடம் வரை பின்தங்கி வரும். ஐபிஎல் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் முதலில் கத்துவதும் உங்கள் திரையில் பிறகு விக்கெட் விழுவதும் இதனால்தான். அரை நிமிடத்தில் முகூர்த்தம் தப்பிவிடாது. இருந்தாலும் அந்த வேளையில் மட்டும் டிஷ்ஷிலோ கேபிளிலோ பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி பதிவு செய்ய விரும்புபவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. மாதச் சந்தா கிடையாது. அதில் பூட்டில்லாமல் வரும் சேனல்களை, கடையில் விற்கும் சாதாரண ஃப்ரீ டு ஏர் பெட்டிகள் பலவற்றில் பென்டிரைவ் செருகிப் பதிவு செய்யலாம். பதிவானதைக் கணினியிலும் பார்க்கலாம், ஏனென்றால் பூட்டு இல்லை. டிடி தமிழ் இதில் வரும், நீங்கள் பார்க்கும் கட்டணச் சேனல்கள் வராது. கட்டணச் சேனல்தான் வேண்டும் என்றால், இன்னும் வேலை செய்யும் பதிவுப் பெட்டியை விடாமல், இருப்பதிலேயே சின்ன பேக்கைப் போட்டு, இரண்டாவது டிவிக்கு வைத்துக்கொள்ளலாம். செலவு மாதாமாதம் வரும், அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, அழகர் ஆற்றில் இறங்குவது போன்றவற்றைச் சேனல்களே யூடியூபிலும் நேரலையாகக் காட்டுகின்றன. அவற்றில் பல அப்படியே இருந்துவிடுகின்றன, சில பிறகு எடுக்கப்பட்டுவிடுகின்றன.

புதிய பெட்டிக்குச் சம்மதிக்கும் முன், “பதிவு வசதி உண்டா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “உண்டு” என்று சொல்லிவிட்டுக் கேட்ச்-அப்பைக் காட்டுவார்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தச் சேனல் பென்டிரைவில் பதிவாகும் என்று அந்த இடத்திலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டியைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டுமா, அது வாடகைக்குக் கொடுத்ததா, நீங்கள் விலைகொடுத்து வாங்கியதா என்பதற்கு முதல் ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கியது என்றால், கொடுக்க மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

திருமங்கலத்து அம்மாவுக்கு மறுபடியும்: முதலில் அந்தப் பதிவைப் பெட்டியில் “அழிக்காதே” என்று குறித்து வைத்துவிடுங்கள். இடம் நிறைந்தால் சில பெட்டிகள் பழையதைத் தானாகவே அழித்துவிடும். பிறகு ஏவி ஒயரில் பத்து நிமிடம் மட்டும் பதிவு செய்து பாருங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால், வெள்ளையும் சிவப்பும் சரியாக உட்காரவில்லை என்று பொருள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கருவியின் மென்பொருளில் பால் என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நம் நாட்டின் முறை அதுதான். பத்து நிமிடம் சரியாக வந்த பிறகு, மின்தடை வராது என்று உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒரு வேளையில் முழுவதையும் ஓடவிடுங்கள். எங்கேயாவது சிக்கினால், பெட்டியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புங்கள். எந்தத் துளையில் எந்த ஒயர் என்று பார்த்துச் சொல்கிறேன்.